உறைந்த தேனும் வெண்படலம் பூத்த மெழுகுவத்தியும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தேனில் கலப்படத்தை வீட்டிலேயே கண்டறியலாம் என்று நாளிதழ்களில் அவ்வப்போது வெளிவரும் குறிப்புகளைப் பற்றி, தேனீ வளர்ப்பையே தொழிலாகக் கொண்ட குடும்பத்தைச் சேர்ந்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். கலப்படம் நடப்பது உண்மை. அதனால் முதலில் அடிபடுவோரும் எங்களைப் போன்ற சிறு உற்பத்தியாளர்கள்தாம். ஆனால் இந்த வீட்டுச் சோதனைகள் கலப்படக்காரரைப் பிடிப்பதில்லை. நல்ல தேன் விற்பவர்மீதே சந்தேகத்தைத் திருப்பி விடுகின்றன.

எங்களிடம் திரும்பி வரும் புட்டிகளில் பெரும்பாலானவை, தேன் உறைந்துவிட்டது, அடியில் சர்க்கரை தங்கியிருக்கிறது என்ற புகாருடனேயே வருகின்றன. மணல் மணலாக அடியில் தெரிவது சர்க்கரைதான். ஆனால் அது நாங்கள் போட்டதன்று. தேனில் இயல்பாகவே உள்ள குளுக்கோஸ், இருக்கும் சிறிதளவு நீரில் கரைந்து நிற்க முடியாமல் படிகமாகப் பிரிகிறது. தேனிலுள்ள மற்றொரு சர்க்கரையான ஃபிரக்டோஸ் மிகுந்த தேன் நெடுநாள் இளகியே இருக்கும். கடுகுப்பூத் தேனோ சில வாரங்களிலேயே இறுகிவிடும். 14 டிகிரி செல்சியஸை ஒட்டிய குளிரில் இது இன்னும் விரைவாக நடக்கும். புட்டியை 40 டிகிரிக்கு மிகாத வெந்நீரில் வைத்திருந்தால் தேன் மெல்ல இளகிவிடும்; அடுப்பில் ஏற்றிக் கொதிக்கவிட்டால் மணமும் நொதிகளும் கெட்டுப்போகும். பல மாதங்களாகியும் துளிகூட உறையாத தேன், அதிகமாகச் சூடாக்கி மிக நுண்ணிதாக வடிகட்டியதாகவும் இருக்கலாம் என்பதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

தண்ணீரில் விட்ட சொட்டு கரையாமல் அடியில் போய் நிற்க வேண்டும் என்கிறார்கள். கெட்டியாகக் காய்ச்சிய சர்க்கரைப் பாகும் அப்படித்தான் நிற்கும். தேனில் தோய்த்த திரி எரிய வேண்டும் என்பதும் ஈரம் குறைவாக இருப்பதை மட்டுமே காட்டும். கோடெக்ஸ் எனும் பன்னாட்டு உணவுத் தரவரையறை தேனுக்குப் பொதுவாக அனுமதிக்கும் ஈரம் அதிகபட்சம் 20 சதவீதம். பாகையும் அந்த அளவுக்கு வற்றவைப்பது பெரிய வித்தையன்று. கரும்பு, மக்காச்சோளச் சர்க்கரையைக் காட்டிக்கொடுக்கும் ஆய்வுக்கூடச் சோதனையான கார்பன் ஐசோடோப்புச் சோதனையிலிருந்தே அரிசிப் பாகு தப்பிவிடுகிறது என்னும்போது, ஒரு தீக்குச்சி எதைக் கண்டுபிடித்துவிடும்?

எங்கள் மெழுகுவத்திக்கும் இதே கதிதான். தேன் எடுக்கும் முன் அடையின் அறைகளை மூடியிருக்கும் மெழுகைக் கத்தியால் சீவி எடுத்து, தேன் போகக் கழுவி, நேரடி நெருப்பில் காட்டாமல் வெந்நீருக்குள் வைத்த பாத்திரத்தில் உருக்கி, துணியில் வடிகட்டுகிறோம். 62 முதல் 64 டிகிரிக்குள் அது உருகும். கறுத்த கசடு துணியோடு நின்றுவிட, மஞ்சள் மெழுகு கீழே இறங்கும். 100 கிலோ தேன் எடுத்தாலும் இப்படிக் கிடைக்கும் மூடி மெழுகு ஏறத்தாழ ஒன்று இரண்டு கிலோதான். இவ்வாறு வார்த்த மெழுகுவத்தியின் மேல் சில மாதங்களில் வெண்மையான படலம் பூக்கும். மெழுகில் எளிதாக இளகும் கூறுகள் மேற்பரப்புக்கு வருவதால் ஏற்படும் இதைப் பூஞ்சை என்று நினைத்துச் சுரண்டுவோரும் உண்டு, பணத்தைத் திருப்பிக் கேட்போரும் உண்டு. மென்மையான துணியால் துடைத்தாலே அது போய்விடும். இதற்கிடையே, பெட்ரோலிய மெழுகான பாரபினில் சிறிதளவு தேன்மெழுகைக் கலந்து வார்த்தவையும் தேன்மெழுகுவத்தி என்ற பெயரிலேயே விற்பனைக்கு வருகின்றன. விலையில் அவற்றோடு எங்களால் போட்டியிட இயலாது.

ஆகவே, இனி இத்தகைய குறிப்புகளை வெளியிடும் முன் தேனைப் பரிசோதிக்கும் ஆய்வுக்கூடத்தினர் ஒருவரிடம் கருத்துக் கேட்குமாறு வேண்டுகிறேன். தேன் புட்டியில் ஈர அளவும் எடுத்த மாதமும், மெழுகுவத்தி உறையில் தேன்மெழுகின் சதவீதமும் அச்சிடப்பட வேண்டும் என்ற கோரிக்கையைத் தங்கள் நாளிதழ் முன்வைத்தால், அந்த விவரங்களைத் தரச் சிறு உற்பத்தியாளர்களாகிய நாங்கள் தயங்கமாட்டோம்.

இப்படிக்கு,
தேனீ வளர்க்கும் வாசகர் ஒருவர்