முருகேசனுக்கு, குளவி விஷயமாக

அன்புள்ள முருகேசா,

அத்தி பூத்த மாதிரி எழுதுகிறேன், திட்டாதே. செல்வியின் முழங்கால் இப்போது தேவலையா? சின்னவனுக்கு ஓசூரில் வேலை கிடைத்ததை மணி சொன்னான், சந்தோஷம். அதே போனில் அவன் சொன்ன இன்னொரு சமாச்சாரம்தான் என்னை எழுத உட்கார வைத்தது. குச்சிக்கிழங்குக் காட்டில் மறுபடியும் மாவுப்பூச்சியாம். கடைக்காரர் கொடுத்த இரண்டு மருந்தையும் கலந்து அடிக்கப் போகிறாயாம். அடிப்பதற்கு முன் இதைப் படித்துவிடு. சுற்றி வளைத்துத்தான் விஷயத்துக்கு வருவேன், உனக்குத் தெரியாததா.

எங்கள் வீட்டில் பெரியவன் அறையில் ட்யூப்லைட்டுக்குப் பின்னால் ஒரு குளவி கூடு கட்டுகிறது. அவன் ஒட்டடைக் குச்சியோடு வந்தான், கலா விடவில்லை. குளவி கூடு கட்டினால் வீட்டில் குழந்தை பிறக்குமாம். அன்றிலிருந்து மருமகள் என்னை முறைக்கிறாள். நான் என்ன செய்தேன் என்று தெரியவில்லை. ஆனால் அந்தக் குளவியைப் பார்ப்பதுதான் இப்போது எனக்கு முழுநேர உத்தியோகம்.

வாயில் பயறளவு ஈர மண் உருண்டையோடு வருகிறது. கூட்டின் விளிம்பில் அதை வைத்து, பின்னுக்கு நகர்ந்தபடியே பட்டையாக இழுத்துப் பூசுகிறது. அறை முடிந்ததும் கூரையிலிருந்து ஒரு மெல்லிய இழையில் ஒற்றை முட்டையைத் தொங்கவிடுமாம். அப்புறம்தான் வேட்டை. பச்சைப் புழுக்களைக் கொட்டி, கொல்லாமல், அசைய முடியாமல் மட்டும் செய்து, தூக்கிவந்து உள்ளே திணிக்கிறது. செத்தால் அழுகிவிடும். உயிரோடு கிடந்தால் பிள்ளைக்குக் கடைசிவரை புதுக்கறி. நிறைந்ததும் வாசலை மண்ணால் அடைத்துவிடுகிறது.

நம் தமிழய்யா ஞாபகம் வந்ததா? "குளவி கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும், நான் குட்டக் குட்ட நீங்களும் மனுஷனாவீர்கள்." உன் மண்டை அதற்கு இன்றும் சாட்சி. உள்ளே போனது புழு, வெளியே வந்தது குளவி, அதுவரை ஐயா சரிதான். நடுவில் நடந்த சாப்பாட்டைத்தான் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. வேதாந்தம் பேசுகிறவர்கள் இதையே குருவுக்கும் சீடனுக்கும் உவமையாக்கிவிட்டார்கள். அந்தச் சீடனின் கதி தெரிந்திருந்தால் ஒருவனும் மடத்துப் பக்கம் போயிருக்க மாட்டான்.

சிரிப்பை விடு. உயிருள்ள புழுவின் உடம்புக்குள்ளேயே முட்டையிடும் குளவிகள் உண்டு. கருணையுள்ள கடவுள் வேண்டுமென்றே இவற்றைப் படைத்திருப்பார் என்று நம்ப முடியவில்லை என்று டார்வினே 1860இல் ஒரு நண்பருக்குக் கடிதம் எழுதினார். அதைப் படித்த ராத்திரி எனக்கும் தூக்கம் வரவில்லை.

ஆனால் பூச்சிகளில் எத்தனை வகை தெரியுமா? பெயர் வைக்கப்பட்ட பூச்சி இனங்களே 10 லட்சத்தைத் தாண்டும். வைக்காதவற்றையும் சேர்த்தால் 55 லட்சம் வரலாம் என்று ஒரு கணக்கு. பாலூட்டிகள் எல்லாம் சேர்ந்தே ஆறாயிரத்துச் சொச்சம்தான். பூச்சிகளில் வண்டினம் மட்டும் ஏறக்குறைய 4 லட்சம்: நீ தீப்பெட்டியில் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்த பொன்வண்டு, அரிசி வண்டு, மின்மினி, சாணி உருட்டுவது எல்லாம் அதில் அடக்கம். (மழை பெய்ததும் சிவப்பாக ஊருமே, பட்டுப்பூச்சி, அது பூச்சியே இல்லை. எட்டுக் கால், சிலந்தி வகையறா. பூச்சிக்கு ஆறு கால்தான். இதற்காக நாம் போட்ட சண்டையில் நான் ஜெயித்ததாக எழுதிக்கொள்.)

வண்டுதான் முதலிடம் என்று ரொம்ப நாளாகச் சொல்லிவந்தார்கள். 2018இல் சில ஆய்வாளர்கள் அதை மறுத்தார்கள். எந்தப் பூச்சியை எடுத்தாலும் அதைத் தின்றே வளரும் ஒட்டுண்ணிக் குளவி ஒன்றாவது இருக்கும், பலவற்றுக்கு நாலைந்து இருக்கும், ஆகவே குளவி, எறும்பு, தேனீ கூட்டம்தான் பெரிது என்பது அவர்கள் வாதம். எனக்கு அதுதான் சரியாகப் படுகிறது. முட்டைக்கு ஒரு குளவி, புழுவுக்கு ஒன்று, கூட்டுப்புழுவுக்கு ஒன்று, அந்தக் குளவியையே தின்ன இன்னொரு குளவி! ஒரு வகையில் ஆண் 0.14 மில்லிமீட்டர்தான், கண்ணும் இல்லை, இறக்கையும் இல்லை. அத்திப்பழத்தைப் புட்டால் அத்தனையும் புழு என்பார்களே, அவையும் பெரும்பாலும் குளவிதான். அத்தியின் பூவெல்லாம் காய்க்குள்ளே இருக்கிறது. இறக்கை பிய்ந்தாலும் பரவாயில்லை என்று அந்தச் சின்ன ஓட்டையில் நுழைந்து மகரந்தம் சேர்ப்பது அதுதான். ஆலுக்கு ஒரு குளவி, அரசுக்கு வேறொன்று.

இப்போது உன் காட்டுக்கு வருகிறேன். நீ பப்பாளியை வேரோடு பிடுங்கிப் போட்டாயே, அந்த மாவுப்பூச்சி மெக்சிகோ சரக்கு. 2008இல் கோயம்புத்தூரில் கண்டுபிடித்தார்கள். அதன் எதிரிகள் கூட வராததால்தான் அத்தனை ஆட்டம். 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அதன் குளவிகளை வரவழைத்து விட்டார்கள், அடங்கியது. இப்போது உன் கிழங்கில் இருப்பது 2020இல் வந்த தென் அமெரிக்க மரவள்ளி மாவுப்பூச்சியாக இருக்கும். இதே பூச்சி ஆப்பிரிக்காவில் எழுபதுகளிலேயே பஞ்சம் வருமோ என்று பயப்படும் அளவுக்குக் கிழங்கை அழித்தது. பராகுவேயில் தேடிப்பிடித்த குளவியை 1981இல் நைஜீரியாவில் விட்டுத்தான் மீட்டார்கள். அந்த வேலைக்காக ஹான்ஸ் ஹெரன் என்ற சுவிஸ் விஞ்ஞானிக்கு 1995இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. அதே குளவியைப் பெனின் நாட்டிலிருந்து வாங்கி, 2022இல் நம் சேலம் ஜில்லாவிலும் விட்டிருக்கிறார்கள்.

அதனால் நாளைக் காலை முதல் வேலையாகக் காட்டுக்குப் போ. சுருண்டு கொத்தாக நிற்கும் குருத்துகளைப் பிரித்துப் பார். மாவு மாதிரி இல்லாமல் பழுப்பாக, கெட்டியாக, முதுகில் வட்ட ஓட்டையோடு சில கிடந்தால் குளவி ஏற்கெனவே உன் காட்டில் வேலை செய்கிறது என்று அர்த்தம். மருந்து அடித்தால் மெழுகு போர்த்திய மாவுப்பூச்சி பாதி தப்பித்துக்கொள்ளும், குளவி மொத்தமும் போய்விடும். அப்புறம் நீ வருஷா வருஷம் அடிக்க வேண்டியதுதான். ஓட்டை போட்டது ஒன்றுகூடக் கண்ணில் படாவிட்டால் ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தில் போய்க் கேள். பூச்சி பிடித்த செடியிலிருந்து நடுவதற்குக் கரணை வெட்டாதே, பக்கத்துக் காட்டுக்காரருக்கும் கொடுக்காதே.

டப்பாவைப் பிரிக்கவில்லை என்றால் கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்வார். நீ எப்படியும் கடனுக்குத்தான் வாங்கியிருப்பாய். மணியிடம் ஒரு லென்ஸ் கொடுத்தனுப்புகிறேன், பத்து மடங்கு பெரிதாகக் காட்டும். பார்த்ததைப் போனில் சொல், லென்ஸைத் திருப்பிக் கொடு.

அன்புடன்,
ராஜு