கோவில்பட்டியில் யாரும் இல்லையாம்

அன்புள்ள சரவணா,

பொங்கலுக்குப் பிறகு உனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. கோபமாக இருப்பாய், இருந்துகொள். அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை. சின்னவள் நடக்க ஆரம்பித்துவிட்டாள். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

நம் ரத்ததானப் பட்டியலில் போன மாதம் ஒருவர் ஓ நெகட்டிவ் ரத்தத்துக்காகக் 'கோவில்பட்டி' என்று தேடியிருக்கிறார். யாரும் இல்லை என்று வந்திருக்கிறது. பட்டியலைத் திறந்து பார்த்தால் அந்த ஊரில் நான்கு பேர் இருக்கிறார்கள்! நல்லவேளை, சித்ரா அக்கா போனிலேயே ஆள் பிடித்துவிட்டாள். அவள் பிடிக்காமல் போயிருந்தால்? அதை நினைத்தே இரண்டு நாள் எனக்குத் தூக்கமில்லை.

நீயாக இருந்தால் தேடல் நிரலில் என்ன நடக்கிறது என்று பார்க்க இருபது இடத்தில் பிரிண்ட் போட்டிருப்பாய், ஹாஸ்டல் காலத்துப் பழக்கம். நான் நிரலை நடுவில் நிறுத்தி உள்ளே பார்க்க உதவும் டீபக்கரைத் திறந்தேன். பட்டியலில் இரண்டாயிரம் பேர். ஒவ்வொருவரிடமும் நின்றால் விடிந்துவிடும். அந்த நால்வரில் ஒருவருடைய போன் நம்பர் வந்தால் மட்டும் நிற்கும்படி பிரேக்பாயிண்டுக்கு, அதாவது நிரல் நிற்க வேண்டிய இடத்துக்கு, நிபந்தனை வைத்தேன். சரியாக நின்றது. தேடிய ஊர் கோவில்பட்டி, பட்டியலில் உள்ள ஊரும் கோவில்பட்டி. இரண்டும் சமமா என்று கேட்டால் ஃபால்ஸ்!

முன்னும் பின்னும் ஸ்பேஸ் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. அப்புறம்தான் சொல்லில் எத்தனை குறிகள் என்று எண்ணும் லென் போடத் தோன்றியது. ஒன்று 11, இன்னொன்று 12. தமிழ் எழுத்துகளை அவற்றின் யூனிகோட் எண்களாகக் காட்டும் பைத்தானின் ஆஸ்கி ஃபங்ஷனில் கொடுத்துப் பார்த்ததும் குட்டு வெளிப்பட்டது. தேடியவர் அடித்த 'கோ'வில் கொம்பும் காலும் சேர்ந்து ஒரே யூனிகோட் குறி. பட்டியலில் இரட்டைக்கொம்பு தனி, கால் தனி. திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுதான். டீபக்கரும் அதே எழுத்துருவில்தானே வரைந்து காட்டுகிறது, கண்ணால் பார்த்து எப்படிக் கண்டுபிடிப்பது? இப்போது இரண்டு பக்கத்தையும், பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் என்எஃப்சி முறையில் நார்மலைஸ் செய்து, அதாவது ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட்டுத்தான் ஒப்பிடுகிறேன். நான்கு பேரும் வருகிறார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பட்டியல் ஃபைலின் அடுத்த வரியில் என்ன இருக்கிறது என்று பார்க்க, மதிப்புகளைக் கவனிக்க டீபக்கரில் உள்ள வாட்ச் பகுதியில், அடுத்த வரியை எடுத்துத் தரும் நெக்ஸ்ட் என்று எழுதி வைத்திருந்தேன். ஒவ்வொரு அடி நகரும்போதும் டீபக்கர் அதை மறுபடி ஓட்டிப் பார்க்கும். ஓட்டும்போதெல்லாம் அதுவே ஒரு வரியைப் படித்துவிட, நிரலுக்கு அந்த வரி காணாமல் போனது. இல்லாத இன்னொரு பிழையைத் தேடி ஒரு முழு மாலை போய்விட்டது. வாட்ச்சில் வெறும் வேரியபிளின் பெயரை மட்டும் போடு. லிஸ்டிலிருந்து ஒன்றை எடுத்து நீக்கிவிடுகிற பாப் போன்றவற்றை அங்கே வைக்கவே வைக்காதே.

உன் பள்ளிப் பட்டியலில் கோமதி, சௌந்தர்யா, பொன்னி என்று எத்தனை பேர் இருப்பார்கள்! ஒகர, ஓகார, ஔகார எழுத்துகள் மூன்றுக்குமே இந்தத் தொல்லை உண்டு. இன்றைக்கே நான்கைந்து பெயருக்கு லென் போட்டுப் பார். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறேன், என்ன வந்தது என்று சொல்.

அன்புடன்,
முரளி