கிடாய்க்கு வந்த இரக்கம்

அன்புள்ள மச்சான்,

சுகமாய் இருப்பாய் எண்டு நம்பிறன். இஞ்ச காலபோகம் வெட்டி முடிஞ்சுது. விளைச்சல் பரவாயில்லை, காட்டோரத்து வயலை மட்டும் யானை துவைச்சிட்டுது.

எங்கட வைரவர் கோயிலில கிடாய் வெட்டுற வேள்வி நிண்டுபோச்சு, கேள்விப்பட்டனியோ? இந்தமுறை பொங்கலும் வடைமாலையும்தான். 2017 ஒக்ரோபரில யாழ்ப்பாண மேல் நீதிமன்றம் கோயில்களில உயிர்ப்பலி கூடாதெண்டு சொன்ன கையோட இஞ்சயும் கதை தொடங்கினது. குழை போட்டு வளத்து, மாலை கட்டிக் கொண்டுவாற கிடாய், பங்கு இறைச்சிக்கு ஓலைப்பெட்டியோட நிண்ட நாங்கள்! இப்ப அதைச் சொன்னாலே பிள்ளையள் முகத்தைச் சுழிக்குதுகள்.

ஆறுமுக நாவலர் இதுக்கெதிராய் எழுதி ஒன்றரை நூற்றாண்டாச்சு. அவர் பிறந்த 1822 இலதான் உங்கட லண்டனில, மாடு குதிரையை வதைச்சால் தண்டம் எண்டு பாராளுமன்றம் முதல் சட்டம் போட்டது. கொண்டுவந்தவர் ரிச்சர்ட் மார்ட்டின் எண்ட அயர்லாந்துக்காரர். ரெண்டு வருஷத்தில ஒரு கோப்பிக்கடையில கூடி வதைத்தடுப்புச் சங்கமும் தொடங்கிச்சினம். ஆனா ஆர் பிடிபட்டது? கழுதை வண்டிக்காரனும் சந்தைக்கு மாடு சாய்ச்சவனும். நாயை விட்டு நரி கலைச்ச துரைமாரைத் தடுக்க இங்கிலாந்துக்கு 2004 வரைக்கும் செண்டது.

இஞ்சயும் அப்பிடித்தான். வேள்வியை நிப்பாட்டினதில இரக்கம் பாதி, ஆகமக் கோயிலாக்கவேணும் எண்ட கௌரவம் பாதி. கோயில் கூட்டத்திலயே சொன்னன், ஒருத்தருக்கும் பிடிக்கேல்ல. சந்தியில இப்ப புறொயிலர் கடை. கம்பிக்கூட்டுக்குள்ள, தன்ர பாரத்தைத் தானே தாங்க ஏலாமல் குந்தியிருக்கிற கோழியளைப் பற்றி ஒரு தீர்மானமும் இல்லை. 1975 இல பீற்றர் சிங்கர் எண்ட தத்துவ அறிஞர் தன்ர புத்தகத்தில கேட்டதும் இந்த அடைப்புக் கோழியளின்ர வழக்கைத்தான்.

எங்கட நாட்டில 1907 இல வெள்ளைக்காரன் போட்ட மிருகவதைச் சட்டத்தில தண்டம் ஆகக் கூடினது நூறு ரூபா. 2006 இல சட்ட ஆணைக்குழு புதுசாய் ஒண்டு வரைஞ்சு குடுக்க, அமைச்சரவை தலையாட்டவே 2016 ஆச்சு. அதைவிடச் சனம் கெதி, மச்சான். மாட்டுவண்டிச் சவாரியில கேட்டிக் கம்பில ஆணி வைச்சு மாட்டைக் குத்திறவனைப் பாத்துக்கொண்டு நிக்கிறவங்களே ஏசிறாங்கள். எங்கட காலத்தில அவன்தான் கெட்டிக்காரன்.

மகள் பாலும் தொடுறேல்ல எண்டு எழுதியிருந்தாய். ஆடிக்கு வரேக்க என்ர மனுசி கோழி அடிக்கமாட்டாள், பயப்பிடாதை. ஆனா வன்னிக்கு வந்து எருமைத்தயிர் வேண்டாமெண்டால் அவளோட நான் ஒருக்கா வாதாடத்தான் வேணும், முதலே சொல்லிவை.

அன்புடன்,
உன்ர மச்சான்