முதன்முதலில் எந்த லினக்ஸ் போடலாம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்ததிலிருந்து, பழைய கணினி வைத்திருப்பவர்கள் 'எந்த லினக்ஸ் போடலாம்?' என்று கேட்கிறார்கள். விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இயங்குதளமான லினக்ஸில் பல வகை உண்டு, ஆளுக்கொரு பெயரைச் சொல்லி அவர்களை இன்னும் குழப்பிவிடுகிறோம். நானும் அப்படி மாட்டியவன்தான். எடுத்த எடுப்பிலேயே ஆர்ச் என்ற லினக்ஸ் வகையில் கைவைத்தேன். கறுப்புத் திரையில் வட்டைப் பிரிக்கும் கட்டளைகளைத் தட்டித் தட்டியே இரண்டு ராத்திரி போனது, மூன்றாம் நாள் வைஃபையும் வரவில்லை என்றதும் மூட்டை கட்டிவிட்டேன். ஆர்ச் மட்டமில்லை, முதல் படிக்கு அது ஆகாது, அவ்வளவுதான்.

புதியவர்களுக்கு மின்ட் என்ற வகை போதும். உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸின் நீண்டகால ஆதரவுப் பதிப்பின் மேல் கட்டப்பட்டது என்பதால் 5 வருடம் பாதுகாப்புத் திருத்தங்கள் வரும், மெனுவும் பழகிய இடது மூலையிலேயே இருக்கும். ஃபெடோரா என்ற வகையும் நல்லதுதான், ஆனால் ஒரு பதிப்புக்குச் சுமார் 13 மாதம்தான் ஆயுள். ரேம் 4 ஜிபிதானா? மின்டிலேயே எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான திரை அமைப்புள்ள பதிப்பை எடுங்கள்.

அப்புறம், நிறுவும் முன் லினக்ஸைப் பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே ஓட்டிப் பாருங்கள். நாமாக 'நிறுவு' என்று சொல்லாதவரை வட்டில் இருக்கும் விண்டோஸ் அப்படியே இருக்கும். வைஃபை பிடிக்கிறதா, ஒலி வருகிறதா, மடிக்கணினியை மூடித் திறந்தால் விழித்துக்கொள்கிறதா (இதைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள்) என்று ஒரு மணி நேரம் நோண்டினாலே தெரிந்துவிடும். எது சரிப்படவில்லையோ அதை விட்டுவிட்டு, அதே பென்டிரைவில் அடுத்ததை ஏற்றிப் பார்க்கலாம்.

- ஒரு வாசகர்