குட்டையைத் தூர்க்காதே, மாதவா

மன்னார்குடி,
புரட்டாசி 22

அன்புள்ள மாதவா,

உன் கடிதம் கிடைத்தது. மகன் ஊரிலேயே வீடு கட்டித் தரப்போகிறான் என்ற இடத்தை உன் தங்கச்சிக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். "அண்ணன் வந்துட்டா நீங்க சாயங்காலத்துல வீடு தங்க மாட்டீங்க" என்றாள். மறுக்கவில்லை.

இரண்டாம் பக்கத்தில் போகிற போக்கில் எழுதியிருந்தாயே, அதுதான் உறுத்துகிறது. மனைக்குப் பின்னால் இருக்கும் குட்டையைக் கிராவல் அடித்துத் தூர்த்துவிடலாம் என்று. பட்டா நிலம்தானே, யார் கேட்பார்கள் என்கிறாய். யாரும் கேட்க மாட்டார்கள்தான். முப்பது வருஷம் சங்கிலி பிடித்து நிலம் அளந்தவன் சொல்கிறேன். 2007-ல் வந்த ஏரிப் பாதுகாப்புச் சட்டம் பொதுப்பணித் துறை ஏரிகளுக்கு. 2017-ல் வந்த ஈரநில விதிகளைப் படித்தால் சிரிப்பு வரும்: நெல்வயல், ஆற்றுப் போக்கு, பாசனத்துக்கென்று வெட்டிய நீர்நிலை எதுவும் அந்தக் கணக்கில் சேராது. டெல்டாவில் இவற்றைக் கழித்தால் மிச்சம் என்ன இருக்கிறது? நம் வடுவூர் ஏரியும் பாசன ஏரிதான். பறவை வந்து இறங்கியதால் 1999-ல் சரணாலயம், 2022-ல் உலக ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியல். அந்தப் பட்டியலில் ஏறிவிட்டால் வெள்ளம் தொடும் எல்லையிலிருந்து 50 மீட்டருக்குள் நிலையான கட்டடம் கூடாது. உன் குட்டைக்கு வருவது நாலு நீர்க்கோழி.

போன கார்த்திகையில் நடந்ததைக் கேள். கீழத்தெருவுக்கு அந்தப் பக்கம் புதிதாக ஒரு நகர் போட்டிருக்கிறார்கள். சர்வே புலப்படத்தில் (நில அளவை வரைபடம்) அங்கே இரண்டு மீட்டர் அகலத்துக்கு வடிகால் ஓடுகிறது. அதில் ஒரு அடி விட்டமுள்ள குழாயைப் புதைத்து மேலே சாலை போட்டுவிட்டார்கள். மூன்று நாள் மழை, ஆறு நாள் தண்ணீர். நட்டுப் பத்து நாள்கூட ஆகாத தாளடிப் பயிர், அதாவது இரண்டாம் போக நெல், அழுகிப்போனது. ராத்திரியோடு ராத்திரியாக ஊரே திரண்டு சாலையை வெட்டிவிட்டது. நானும் ஒரு மண்வெட்டி பிடித்தேன். உன் மகனிடம் சொல்லிவைக்காதே.

உன் தாத்தா குட்டையை ஏன் வெட்டினார் என்று நினைக்கிறாய்? குளிக்கவா? வீட்டு மனையை மேடாக்க மண் வேண்டியிருந்தது, அங்கேயே வெட்டி இங்கே போட்டார். மேடும் பள்ளமும் ஒரே கணக்கு. கூரைத் தண்ணீர், கொல்லைத் தண்ணீர், தெருத் தண்ணீர் எல்லாம் அந்தப் பள்ளத்தில் இறங்கி, நிரம்பினால் வடிகாலுக்குப் போகும். இப்போது மண் லாரியில் வெளியூரிலிருந்து வருகிறது. எல்லாரும் மேடாகிறோம், பள்ளம் யாரிடமும் இல்லை. மழைநீர்ச் சேகரிப்பு 2003-லிருந்து கட்டாயம், அதனால் உன் மகனும் ஒரு குழி தோண்டி ஜல்லி கொட்டுவான். நம் களிமண்ணில் அது அரை மணி மழைக்குத் தாங்கினால் பெரிசு.

அக்டோபர் 2 கிராம சபையில் ஒரு மனு கொடுத்தேன். மனை போடுமுன் வடிகாலை அளந்து கல் நடவேண்டும், பாலத்தின் கண், அதாவது தண்ணீர் போகும் திறப்பு, வரைபடத்து அகலத்துக்குக் குறையக் கூடாது என்று. தீர்மான நோட்டில் எழுதிக்கொண்டார்கள். மனைப்பிரிவுக்கு அனுமதி தரும் இடத்தில் அது எவ்வளவு தூரம் எடுபடும் என்பதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. ஆனாலும் அடுத்த தடவை சண்டை வந்தால் காட்ட ஒரு காகிதம் இருக்கும்.

ஐப்பசி அடைமழையில் ஒரு வாரம் நம் வீட்டில் வந்து தங்கு. தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பார்த்து முளை அடித்துவிட்டு வருவோம், அப்புறம் உன் மகன் கடைக்கால் எடுக்கட்டும். வரும்போது பழைய கிரயப் பத்திரத்தையும் எடுத்துவா. குட்டையிலிருந்து வடிகாலுக்கு ஒரு சின்னக் கண்ணி வாய்க்கால் இருந்ததாக ஞாபகம். பத்திரத்தில் நாலு பக்க எல்லையும் சொல்லும் நான்குமாலில் அது எந்தப் பக்கம் எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

அன்புடன்,
சேது