பூனை வீட்டோடே இருக்கட்டும்

திருகோணமலை.

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. கனடா விசா வந்துவிட்டது என்று வாசித்ததும் வீட்டுக்காரிக்கு என்னைவிடச் சந்தோஷம். பேரப்பிள்ளையைப் போட்டோவில் பார்த்தது போதும், மடியில் வைத்துக் கொஞ்சிவிட்டு வா. ஆனால் ஒன்று கவனித்தேன். பேரனைப் பற்றி நாலு வரி, பூனையைப் பற்றி ஒன்றரைப் பக்கம்! பூனையென்றால் மூக்கைச் சுளித்த ஆளா இது என்று இரண்டு பேரும் சிரித்தோம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் திரும்பும்வரை அதை இங்கே கொண்டுவந்து விடட்டா என்று கேட்டிருந்தாய். வேண்டாம் மச்சான். கோபிக்காதே. சோறு போட எனக்குப் பஞ்சியில்லை, அதன் நன்மைக்காகத்தான் சொல்கிறேன். வவுனியாவில் இருந்து ஹொரவப்பொத்தானை வழியாக பஸ்ஸில் கூடைக்குள் அடைத்துக் கொண்டுவந்தால், இறங்கியதும் அது அலுமாரிக்குக் கீழே போய்ப் படுத்துவிடும். கூப்பிட்டால் வராது, வைத்ததைத் தின்னாது. கொழுத்த பூனை இரண்டு மூன்று நாள் ஒன்றும் தின்னாமல் கிடந்தால் உடம்புக் கொழுப்பெல்லாம் ஈரலில் போய்ச் சேர்ந்து, பிறகு காப்பாற்றுவதே கஷ்டம். உன்னுடையது கொழுத்ததுதானே. அதுவும் போக, எங்கள் கடுவன் பூனை முற்றத்தில் வேறு பூனையின் வாலைக் கண்டாலே ஊரைக் கூட்டுகிறவன். கதவு கொஞ்சம் திறந்திருந்தால் உன் பூனை தன் வீட்டைத் தேடிக் கிளம்பிவிடும். எங்கள் தெரு நாய்களைத் தாண்டி அது எங்கே போகும்?

பூனைக்கு ஆளைவிட இடம்தான் முக்கியம். தன் மணம் ஊறின கதிரை, தனக்குத் தெரிந்த யன்னல், வழக்கமாக ஒளிக்கும் மூலை எல்லாம் அப்படியே இருந்தால் ஆள் இல்லாத குறையை எப்படியோ சமாளித்துக்கொள்ளும். ஆகவே அது உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும். ஆள்தான் அதைத் தேடி வரவேண்டும்.

யார் அந்த ஆள் என்பதில்தான் நீ பிழையான முடிவு எடுக்கப்போகிறாய் என்று எனக்குப் படுகிறது. உன் மச்சாளின் மகனுக்குப் பூனையென்றால் உயிர் என்று எழுதியிருக்கிறாய். இருக்கட்டும். அந்த வயதுப் பிள்ளை பின்னேரம் கிரிக்கெட் இருந்தால் வருமா?

எங்கள் கதையைக் கேள். போன வருடம் நல்லூர்த் திருவிழாவுக்கு யாழ்ப்பாணம் போனோமே, இருபத்தைந்து நாளும் இல்லை, கடைசிப் பகுதிக்கு மட்டும்தான். திறப்பைப் பக்கத்து வீட்டு ராத்தாவிடம் கொடுத்துவிட்டுப் போனோம். அவருக்குப் பூனை அவ்வளவு பிடிக்காது. தொடவே மாட்டார். ஆனால் அஸர் தொழுகை முடிந்த கையோடு வருவார். கோப்பையைக் கழுவுவார், சாப்பாடு போடுவார், தண்ணீர் மாற்றுவார், பூனை சலம், மலம் போகிற மணல் பேசினைக் கிளறிப் பார்ப்பார். அவ்வளவுதான். தேர் முடிந்து நாங்கள் சாப்பிட உட்காரும்போது போன் வந்தது. "மாஸ்டர், மணல் நனையல்ல. நேத்தும் நனையல்ல. பூனை அதுக்குள்ள போய்க் குந்திக் குந்தி எழும்புது." இவ்வளவுதான் சொன்னார். பூனைக்கு மலம் இறுகிவிட்டதாக்கும் என்று முதலில் எண்ணினோம். மகளின் சிநேகிதி ஒருத்தி மிருக வைத்தியம் படித்தவள். அவளிடம் கேட்டதும், நாளைக்குப் பார்ப்போம் என்று விடக்கூடாது, உடனே கொண்டுபோகச் சொல்லுங்கள் என்றாள். கடுவன் பூனைக்குச் சலம் போகிற குழாய் மிகவும் ஒடுக்கமாம். மண்போல ஏதாவது படிந்து அடைத்துவிட்டால் கழிவெல்லாம் இரத்தத்தில் ஏறி, ஒன்றிரண்டு நாளில் ஆளை முடித்துவிடுமாம்.

தொடவே மாட்டாத ராத்தா, ஒரு பழைய சாரத்தை அதன் மேல் போட்டுச் சுருட்டி, மூடியுள்ள கூடைக்குள் இறக்கி, ஓட்டோ பிடித்து வைத்தியரிடம் கொண்டுபோனார். மெல்லிய குழாய் போட்டுச் சலத்தை எடுத்துவிட்டார்களாம். கையில் கீறல் பட்டதைக்கூட நாங்கள் திரும்பி வந்த பிறகுதான் சொன்னார். நல்லகாலம், அவன் தடுப்பூசி போட்ட பூனை. பூனையைக் கொஞ்சுகிறவன் வந்திருந்தால் போட்டோ எடுத்து அனுப்பியிருப்பான். மணலைப் பார்த்திருப்பானா என்பது சந்தேகம்.

ஆகவே என்னைக் கேட்டால், உங்கள் முற்றம் கூட்ட வருகிற அம்மாதான் சரியான ஆள். மழை வெயில் பாராமல் வருகிறவர் என்று நீயே எழுதியிருக்கிறாய். சும்மா கேட்காதே, காசு பேசிக் கொடு. போகுமுன் சில நாள் நீங்கள் வீட்டில் இருக்கும்போதே அவர் கையால் சாப்பாடு போடப் பழக்கு. நீண்ட பயணம் என்பதால் இரவில் படுக்க மச்சாளின் மகன் வரட்டும். கொஞ்சுவதற்கும் ஆள் வேண்டும்தானே.

அப்புறம் இன்னும் சில விஷயங்கள். விசர் நோய் ஊசியைப் போகுமுன்பே போட்டுவிடு. அது நாய்க்கு மட்டும் வருகிற நோய் இல்லை. யாரையாவது கடித்தாலோ கீறினாலோ சவர்க்காரம் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல். பூனைக்குக் காய்ச்சல் என்று யாரும் பனடோல் (பரசிட்டமோல்) கொடுத்துவிடக்கூடாது. இதைக் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டு. எங்கள் சனத்துக்கு எல்லாவற்றுக்கும் அதுதானே மருந்து, பூனைக்கு ஒரு குளிசையே உயிரை எடுத்துவிடும். சூடை மீனைப் பச்சையாகப் போடுகிற பழக்கம் இருந்தால் நிறுத்து. அந்த இன மீனில் உள்ள ஏதோ ஒன்று உயிர்ச்சத்து பி1 ஐ அழித்துவிடுகிறதாம், அவித்தால் பிரச்சினை இல்லை. உப்பு, மஞ்சள் ஒன்றும் போடாமல் வெறுமனே அவித்து, முள் எடுத்துப் போடச் சொல். எறும்புக்கு நாங்கள் செய்வது இதுதான்: ஒரு அகன்ற தட்டில் தண்ணீர் ஊற்றி, அதன் நடுவில் சாப்பாட்டுக் கோப்பையை வைப்பது. ஆனால் இந்த வெயிலுக்கு அந்தத் தண்ணீர் வற்றிவிடும், தினமும் பார்க்கவேண்டும்.

நீ கட்டின சாரம் ஒன்றைத் துவைக்காமல் அதன் படுக்கையில் போட்டுவிட்டுப் போ. வீட்டில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

இங்கே வேறு புதினம் பெரிதாக இல்லை. கச்சான் காற்று அடித்து முகமெல்லாம் எரிகிறது. கோட்டைப் புள்ளிமான்கள் பட்டணத்துக்குள் வந்து குப்பைமேட்டில் பொலித்தீன் தின்கின்றன, பார்க்க வயிறு பற்றுகிறது. கோணேசர் கோவில் ஏற்றம் ஏற என் முழங்கால் இப்போது இடையில் இரண்டு தரம் நிற்கச் சொல்கிறது. ஆனாலும் வெள்ளிக்கிழமை தவறாமல் போகிறேன்.

நீங்கள் போய்க் கொஞ்ச நாளில் நானே வவுனியாவுக்கு வந்து இரண்டு நாள் உன் வீட்டில் தங்கிப் பூனையைப் பார்த்துவிட்டு வருகிறேன். இன்னொரு திறப்பு வெட்டி எனக்கு அனுப்பு. மிருக வைத்தியரின் போன் இலக்கத்தைக் குசினிக் கதவில் ஒட்டு, ஓட்டோக்காரரின் இலக்கத்தையும் சேர்த்து. வழக்கமாகக் கொண்டுவருகிற கிண்ணியாத் தயிரை இந்த முறையும் கொண்டுவருவேன். நீ இருக்கமாட்டாய், அந்த அம்மாவும் உன் மச்சாளின் மகனும் சாப்பிடட்டும்.

இப்படிக்கு,
உன் பழைய வாங்குத் தோழன்