தராசு காட்டும் மூன்றாம் தசமம்

திருகோணமலை

அன்பு மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. மகள் சுகமாகிவிட்டாள் என்று வாசித்த பிறகுதான் மனம் ஆறியது. இங்கே வாடைக்காற்று தொடங்கிவிட்டது, சின்னப் படகுகள் கடலுக்குப் போவது குறைவு. கிடைத்த நேரத்தில் ஒரு மீன் வாடிக்கு, அதுதான் படகுக்காரரிடம் மீனை நிறுத்து வாங்கும் இடத்துக்கு, கணக்கு மென்பொருள் எழுதிக்கொண்டிருக்கிறேன், பைத்தான் என்ற நிரல்மொழியில். நீ கணக்காளன், இதை உனக்குச் சொல்லாமல் யாருக்குச் சொல்ல?

அங்கே இருந்த பழைய மென்பொருள் நிறையை ஒரு தசமத்தோடு வெட்டிவிடும். தராசில் 14.375 கிலோ, சிட்டையில் 14.3. பாரை கிலோ 1,200 ரூபாய் என்றால் அந்த 75 கிராம் 90 ரூபாய் மச்சான்! ஒரு நிறுவைக்குச் சராசரி 50 கிராம் என்று வை, 20 பெட்டிக்கு ஒரு கிலோ மீன். நட்டம் எப்போதும் கடலுக்குப் போனவனுக்கே. மட்டந்தட்டினால், அதாவது கிட்டிய எண்ணுக்குக் கொண்டுபோனால், ஒன்று கூடும், ஒன்று குறையும், போகப்போகச் சரிக்கட்டும். வெட்டினால் ஒரு பக்கம் மட்டுமே தேயும். கனடாவின் வன்கூவர் பங்குச் சந்தையில் 1982இல் 1000 புள்ளியில் தொடங்கிய சுட்டெண்ணை மூன்று தசமத்துக்கு வெட்டி வெட்டியே கணித்தார்கள். 1983 நவம்பரில் அது 524 சொச்சத்தில் கிடந்தது. திருத்திப் பார்த்தால் 1098க்கு மேல்.

சரி, மட்டந்தட்டினால் போதுமா என்றால், அதிலும் கவனம் வேண்டும். பைத்தானில் மட்டந்தட்டும் கட்டளை ரவுண்ட், ஒரு தசமத்துக்குக் கேட்டால் 14.25ஐ 14.2 ஆக்கும், 14.75ஐ 14.8 ஆக்கும். சரிபாதியில் நின்றால் இரட்டை இலக்கத்தின் பக்கம் போவது அதன் விதி. நாம் பள்ளிக்கூடத்தில் படித்தது ஐந்து என்றால் மேலே. இன்னொன்று, 2.675ஐ இரண்டு தசமத்துக்குக் கேட்டால் 2.67 தருகிறது. இது அந்த விதியால் வந்ததல்ல. கணினி பாவிக்கும் 0, 1 மட்டுமே உள்ள இரும எண்ணில் 2.675ஐ அப்படியே வைக்க முடியாது, உள்ளே இருப்பது அதைவிட ஒரு துளி குறைந்த எண்.

மீனவன் வாங்கிய முற்பணம் கூடிப்போய் மீதி -250.75 ஆகிவிட்டால் இன்னும் நுட்பம். இன்ட் என்ற கட்டளை கொடுத்தால் தசமத்தை வெட்டி -250, ஃப்ளோர் கொடுத்தால் கீழுள்ள முழு எண்ணுக்கு இறக்கி -251. ஒரு சொல் மாறினால் கடன் கூடிவிடுகிறது, பார்.

அதனால் நிறையை கிராமாகவும் காசைச் சதமாகவும் முழு எண்ணில் வைத்துவிட்டேன். 14375 கிராமில் வெட்ட என்ன இருக்கிறது? மட்டந்தட்டல் கடைசிக் கொடுப்பனவில் ஒரே ஒரு தரம், தசமத்தை அப்படியே வைக்கும் டெசிமல் என்ற எண் வகையைக் கொண்டு, பாதி என்றால் மேலே. அந்த விதியைச் சிட்டையின் அடியிலும் அச்சடிக்கச் சொல்லியிருக்கிறேன். கையெழுத்து வைப்பவன் வாசித்துவிட்டு வைக்கட்டும்.

உங்கள் இடத்தில் வட்டியை நாளுக்கு நாள் மட்டந்தட்டுகிறீர்களா, மாத முடிவிலா? வாடி முதலாளி அடுத்து முற்பணத்துக்கு வட்டிக் கணக்கும் கேட்கிறார். அதைத் தொட முன் உன் பதில் வேண்டும், கெதியில் எழுது.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி